அழித்தால்தான் சூடு

துடியலூர்
10.3.2025

அன்புள்ள தம்பி ஹர்ஷாவுக்கு,

அக்கா ராமாமணி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன்னை அந்த ஊர்க் குளிர் கொல்லாமல் வைத்திருக்கிறதா? வாட்ஸ்அப்பில் சேதி போட்டால் நீலக்குறி காட்டிவிட்டு ஓடிவிடுகிறாய். கடுதாசிக்கு நீலக்குறி கிடையாது, பதில் எழுதித்தான் ஆகணும். அஞ்சாவதோடு நின்றவள் எழுத்து கோழி கிளறியது போலத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்.

பிரத்யுஷாவுக்குச் சூலூரில் மாப்பிள்ளை அமைந்துவிட்டது. வைகாசியில் கல்யாணம். தாய்மாமன் நீதான் பெண்ணைக் கூடையில் வைத்து மேடைக்குத் தூக்கி வரணும். நீ செய்கிற கம்ப்யூட்டர் கரண்டே தின்னாதாமே, என் மகள் அப்படி இல்லை. எழுபது கிலோ. இப்போதே தண்டால் எடு.

"தாய்மாமன் வருவாருங்களா?" என்று சம்பந்தியம்மா கேட்டார்கள். "ஜப்பான்ல இருந்து பறந்து வருவானுங்க" என்று சொல்லிப்போட்டேன்.

மெஸ் நன்றாக ஓடுகிறது. அம்மா மாதிரியே புளிச்சக்கீரை கடைந்து, வறுத்த எள்ளுப்பொடி தூவி இறக்குகிறேன். இந்த ஊரில் வேறு யாரும் அப்படிச் செய்வதில்லை. பரிமாறுகிற கதிருக்குத் தலையெல்லாம் நரைத்தாச்சு, இன்னும் அக்கா அக்கா என்று சுற்றுகிறான். நீயும் ஒரு தரம் கூப்பிடேன்.

உன் அக்கா,
ராமாமணி

யோகோஹாமா
2.4.2025

அன்புள்ள அக்கா,

மிகவும் சந்தோஷம். ஆனால் வைகாசியில் வர முடியாது. சிரிக்காமல் கேட்டால் காரணம் சொல்கிறேன்.

எங்கள் கம்ப்யூட்டர் சில்லில், அதாவது சிப்பில், கண்ணுக்குத் தெரியாத உலோக வளையங்கள் இருக்கின்றன. மைனஸ் 269 டிகிரியில் அவற்றுக்குள் மின்சாரம் தடையே இல்லாமல் சுற்றும். இடமாகச் சுற்றினால் ஒன்று, வலமாகச் சுற்றினால் பூஜ்யம். எந்தப் பக்கம் என்பதற்கு ஒரு சின்னத் தள்ளல் போதும். அவசரப்படாமல் திருப்பினால் சூடு ஏறக்குறைய இல்லை. ஒரு தகவலை அழிக்கும்போதுதான் சூடு கட்டாயம் வந்தே தீரும். அதனால் எதையும் அழிக்காமலே கணக்குப் போட முடியுமா என்று பார்க்கிறோம்.

சில்லை வைத்திருக்கும் குளிர்ப்பெட்டியைப் பாதியில் நிறுத்தினால், மறுபடி குளிரும்போது வேண்டாத காந்தம் வளையங்களில் சிக்கிக்கொள்ளலாம். ஆடி முடியும்வரை இங்கிருந்து நகரவே முடியாது. மன்னியுங்கள்.

உங்கள் தம்பி,
ஹர்ஷா

துடியலூர்
20.4.2025

அன்புள்ள கண்ணு,

மைனஸ் 269 டிகிரியிலா உட்கார்ந்திருக்கிறாய்! உன் பாவா, அதான் என் வீட்டுக்காரர், வேகாத வெயிலில் காந்திபுரம் முழுக்க அலைந்து கம்பளி பனியனும் குரங்குக் குல்லாவும் வாங்கினார். "ஏப்ரல்ல குல்லாவா?" என்று கடைக்காரர் சிரித்தாராம். பார்சலில் அனுப்பியிருக்கிறேன். வெட்கப்படாமல் போட்டுக்கொள். பெட்டிக்குள் இருப்பது சில்லு மட்டும்தான் என்று பிரத்யுஷா பிறகு சொன்னாள். இருக்கட்டும், குல்லா உனக்குப் பொருந்தும்.

கல்யாணத்தை ஆவணிக்குத் தள்ளிவிட்டேன். மண்டபம் மாற்றி, நாள் மாற்றி, எல்லோரிடமும் பேச்சு வாங்கியாச்சு. "ஒரு கூடை தூக்கறதுக்காங்க இத்தனை?" என்று சம்பந்தி முகத்தைச் சுளித்தார். "என் தம்பி பொய் சொல்லமாட்டானுங்க. பொட்டி குளிர்ந்து கெடக்குதுங்க" என்று நானும் விடவில்லை. பெட்டியை நன்றாகப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
ராமாமணி

துடியலூர்
20.7.2025

ஹர்ஷா,

பெட்டியை யாரிடம் விட்டுவிட்டு வந்தாய், கண்ணு?

வெள்ளிக்கிழமை அவிநாசி ரோட்டில் ஒரு காலேஜில் கருத்தரங்கு. மதியச் சாப்பாடு நம் மெஸ்தான். அண்டாவை இறக்கும்போது பார்த்தால், வாசல் ப்ளெக்ஸில் கோட்டுப் போட்டுக்கொண்டு நீ சிரிக்கிறாய். குல்லா போட்டிருந்தால் எனக்கு அடையாளம் தெரிந்திருக்காது.

ஜன்னலோரம் நின்று உன் பேச்சைக் கேட்டேன். இங்கிலீஷ் புரியவில்லை, திரையில் வளையம் வந்ததும் கண்டுபிடித்துவிட்டேன். "டேய் கதிரு, அது என் தம்பிடா" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

சாப்பாட்டில் கதிர் குறும்பாக, "சாருக்குச் சொந்த ஊரு எதுங்க?" என்று கேட்டான். நீ "சென்னை" என்றாய். பக்கத்தில் இருந்த பெரியவர், "மாப்பிள்ளைக்குக் கோயம்புத்தூர்ல யாருமில்லைப்பா" என்றார். நீ தலையை ஆட்டினாய்.

பிறகு கீரையை வாயில் வைத்தாய். எள்ளுப்பொடி நாக்கில் தட்டியதும் விருட்டென்று தலையைத் தூக்கிச் சமையல் பக்கம் பார்த்தாய். நான் கரண்டியும் கையுமாக நின்றேன். பார்த்தாய். பாயசம் வரும் முன்னே எழுந்துவிட்டாய்.

பாயசம் நன்றாக இருந்தது.

ராமாமணி

யோகோஹாமா
1.8.2025

அக்கா,

உங்களைப் பார்த்தேன். மறைக்கவில்லை.

உங்களைக் கூப்பிடாமல் நடந்த என் கல்யாணத்துக்குப் பேச்சு நடந்தபோதே, எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை என்று சொல்லிவிட்டேன். அக்கா மெஸ் நடத்துகிறார் என்று அந்த வீட்டில் சொல்லக் கூச்சமாக இருந்தது. அன்றிலிருந்து அந்தப் பொய்யைக் காத்துக்கொண்டிருக்கிறேன். வைகாசியில் வந்தால் மாமனார் வீட்டுக்கு என்ன காரணம் சொல்வது என்றுதான் பெட்டியைச் சாக்காக்கினேன். கருத்தரங்குக்கு மாமனாரே கூட வருவார் என்று எதிர்பார்க்கவில்லை.

ஆவணியில் நான் மட்டும் வருகிறேன். கூடையை நானே தூக்குவேன். ஒன்றே ஒன்று, போட்டோ எதையும் வெளியே போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கல்யாணப் பத்திரிகையில் என் பெயர் இருந்தால் அழித்துவிடுங்கள்.

ஹர்ஷா

துடியலூர்
4.9.2025

ஹர்ஷாவுக்கு,

கல்யாணம் நல்லபடி முடிந்தது. வர வேண்டாம் என்று போனில் சொன்னபோது ஏன் என்று கேட்டாய். அடுப்பில் வேலையாக இருந்தேன், இப்போது சொல்கிறேன். தூக்க வருகிறவன் முகத்தை ஒளித்துக்கொண்டு வருவதற்கு, என் மகள் என்ன திருட்டுச் சாமானா?

கதிர் தூக்கினான். சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். "ஊரறிய என்னை அக்கான்னு கூப்பிடறவன் இவன்தானுங்க" என்றேன், வாய் மூடிக்கொண்டார்கள். பாதி வழியில் அவனுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. "அக்கா, கல்லு மாதிரி இருக்குதுங்க புள்ள!" என்று அலறினான். பாவா ஒரு கை கொடுத்தார். பிரத்யுஷா கூடைக்குள் உட்கார்ந்து சிரித்த சிரிப்பைப் பார்க்கணும். போட்டோவை எல்லோருக்கும் அனுப்பியாச்சு.

நீ சொன்ன எல்லாமே புளுகோ என்று பிரத்யுஷாவின் மாப்பிள்ளையிடம் கேட்டேன், அவர் படித்தவர். வளையம் நிஜமாம், குளிர் நிஜமாம். நீ வர முடியாது என்றது மட்டும்தான் புளுகு.

உன் கடைசிக் கடுதாசி வரும்போது பத்திரிகை அச்சாகிவிட்டது. 'தாய்மாமன்' என்கிற இடத்தில் உன் பெயர். மேலே காகிதம் ஒட்டிவிடலாமா என்று பாவா கேட்டார். வேண்டாம் என்றேன். அழித்தால்தானே சூடு, எனக்கு அடுப்பு ஒன்றே போதும். பெயர் அப்படியே ஊர் பூராவும் போயிற்று.

உனக்கென்று எடுத்துவைத்த பத்திரிகையைத் தபாலில் சேர்க்கவில்லை.

இப்படிக்கு,
மெஸ் ராமாமணி
துடியலூர்