வள்ளி பக்கம், தெய்வானை பக்கம்

மழைக்காலம் முழுக்கத் துணி போர்த்தி வைத்திருந்த உன் பாட்டு செட்டை இன்று மத்தியானம் போட்டேன். கொஞ்ச நேரத்தில் அந்த வாசனை வந்துவிட்டது. சூடேறுகிற தூசியும், பழைய வயரும், கரப்பான் அண்டாமல் இருக்க நீ ஆம்பிளிஃபயருக்குப் பின்னால் போட்டு வைத்த கற்பூரக் கட்டியும் கலந்த வாசனை. மாதாவைக் கும்பிடுகிற வேதக்காரியின் பெட்டியில் கற்பூரமா என்று நான் கேட்டதற்கு, "கரப்பானுக்கு எந்தச் சாமின்னு தெரியவா போகுது?" என்றாயே, அந்தக் கற்பூரம்தான்.

நீ போன பிறகு இன்றுதான் முதல் தடவை. தொடாமலே இருந்திருப்பேன். நீ காத்துக்கொண்டிருந்த டிஸ்க்கை உன் மகள் நேற்றுக் கொண்டுவந்து கொடுத்தாள். "அம்மா சொல்லி வச்சது, ஆன்ட்டி. இப்பத்தான் வந்துச்சு. இது உங்ககிட்டதான் இருக்கணும்" என்றாள். சாமிப் படத்துக்கு முன்னால் ஓர் இரவு வைத்திருந்தேன். அதைப் பற்றிச் சொல்லத்தான் இந்த மடல்.

வெளிநாட்டிலிருந்து நீ திரும்பி வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? நான் பிள்ளைகளோடு லுணுகலைக்கு என் அம்மாவைப் பார்க்க வந்திருந்தேன். உன் பெட்டி பிரிக்கிறார்கள் என்று கேட்டு ஓடிவந்தேன். தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டுச் சனம், அந்த லயமே உன் வாசலில் திரண்டு நின்றது. நகை வரும், பால்மா வரும், சென்ட் வரும் என்று பார்த்தால், போர்வைக்குள்ளிருந்து ஆறு கறுப்புப் பெட்டிகளும், அடுப்பு மாதிரி மேலே ஓட்டை ஓட்டையாக இருந்த ஒரு இரும்புப் பெட்டியும் வந்தன. "ஏம்மா, இதுல இடியாப்பம் அவிக்கலாமா?" என்று யாரோ கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். "அவிக்கலாம் அக்கா, ஆனா தின்னவே முடியாது" என்றாய்.

நீ வேலை செய்த வீட்டுக் கிழவிக்குக் கண் தெரியாது. டிஸ்க்கை எடுத்துப் போடுவது உன் வேலை. ஒரு பெரிய அறை, ஐந்து பக்கமும் ஸ்பீக்கர், நடுவில் கிழவியின் நாற்காலி, பக்கத்தில் தரையில் நீ. "அவங்க அரபியில என்னமோ சொல்லுவாங்க, நான் தமிழ்ல என்னமோ சொல்லுவேன். ரெண்டு பேருக்கும் புரிஞ்சது பாட்டு மட்டுந்தான்டி" என்பாய். அவர்கள் புது செட் வாங்கியபோது, பழையதை உனக்கே கொடுத்துவிடச் சொன்னாராம் அந்த மனுஷி. அதற்குப் பிறகு உனக்குச் சேலை ஆசை போனது, வளையல் ஆசை போனது. அஞ்சு பக்கமும் கேட்கிற மாதிரிப் பதிவு செய்த டிஸ்க் எங்கே கிடைக்கும் என்பதே பேச்சு. கோயில் மண்டபத்துக் கச்சேரி, வெள்ளைக்காரர் தேவாலயத்துக் கூட்டுப்பாட்டு, நூறு பேர் சேர்ந்து வாசிக்கிற வயலின் என்று ஒன்றொன்றாகச் சேர்த்தாய்.

மலைச்சரிவில் வெடிப்பு விழுந்து உங்கள் லயத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை கொடுத்தபோது, எல்லாரும் அரிசியையும் அடையாள அட்டையையும் கட்டிக்கொண்டு ஸ்கூலுக்குப் போனார்கள். நீ ஒரு லொறியைப் பிடித்து செட்டோடு பதுளைக்கு என் வீட்டுக்கு வந்து இறங்கினாய். "மண்ணு வந்தா நான் ஓடிருவேன், இது ஓடாது. உங்கிட்ட இருக்கட்டும்." அப்படி வந்ததுதான். லயத்துக்குத் திரும்பிப் போக விட்ட பிறகும் நீ அதைக் கொண்டுபோகவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் பூசை முடிந்ததும் பஸ் பிடித்து வந்து, என் கையால் சோறு தின்று, கேட்டுவிட்டுப் போவாய். அதுவே வழக்கமாகிவிட்டது.

முதல் நாளே நமக்குச் சண்டை. நடு ஸ்பீக்கர் முன்சுவரின் மத்தியில்தான் இருக்க வேண்டும் என்றாய். அங்கே வள்ளி தெய்வானையோடு முருகன் படம் இருந்தது. சாமி காலடியில் வயர் ஓடக்கூடாது என்று நான் பிடிவாதமாக நின்றேன். எங்கள் வீட்டுக்காரர் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு, "திருவிழா லைட்டு மட்டுந்தான் பாக்கி. அதையும் போட்டுருங்க" என்று வெளியே போய்விட்டார். நீ இடுப்பில் கை வைத்துப் படத்தைப் பார்த்தாய்.

"உங்க சாமிக்கு எத்தனை மொகம்?"

"ஆறு."

"என் செட்டுல எத்தனை பெட்டி? அஞ்சு ஸ்பீக்கரு, ஒரு ஊஃபரு. ஆறு மொகத்துக்கு ஆறு பெட்டி. கணக்கு சரியா, கணக்கப்பிள்ளை?"

வீட்டுக் கணக்கைச் சதம் பிசகாமல் எழுதுகிறேன் என்று நீ எனக்கு வைத்த பெயர் அது. தோட்டத்துக் கணக்கப்பிள்ளைக்குக் கிடைக்கிற மரியாதையில் பாதியாவது கொடு என்றால், "மரியாதை வேணும்னா மொதல்ல பெரட்டுக்கு வா" என்பாய். பெரட்டும் நீ வைத்த பெயர்தான். கேட்க உட்காருமுன் ஒரு டிஸ்க்கைப் போடுவாய். அதில் ஒரு பெண் இங்கிலீஷில் ஒவ்வொரு ஸ்பீக்கராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். கூப்பிட்டதும் அந்தந்தப் பெட்டி 'ஷ்ஷ்' என்று குரல் கொடுக்க வேண்டும். தோட்டத்துப் பெரட்டில் விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கிற மாதிரியே நீ நிற்பாய். பின்பக்கத்துப் பெட்டி ஒன்று கரகரத்தால், "இவளுக்கு இன்னைக்கு அரைப்பேருதான், பாதிச் சம்பளம் வெட்டு" என்பாய்.

சாமிப் படத்தை ஒரு முழம் உயர்த்தி, ஸ்பீக்கரை ஒரு சாண் இறக்கிச் சமாதானமானோம். முதல் கச்சேரி முடிகிற இடத்தில் எனக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். வீட்டுக்குள் ஆள் வந்துவிட்டதாக நினைத்துத் துள்ளி எழுந்து திரும்பினேன். நீ நாற்காலியில் புரண்டு சிரித்தாய். அது பதிவு செய்த மண்டபத்தில் உட்கார்ந்திருந்த எவரோ. "அந்த மனுஷனையும் சேத்துத்தான்டி வாங்கியிருக்கேன்" என்றாய்.

அப்புறம் ஒரு காய்ச்சலில் உன் இடது காது போனது. காய்ச்சல் விட்டது, காது திரும்பவில்லை. இனி வராது என்று டாக்டர் சொன்னதை நீ என்னிடம் சாதாரணமாகத்தான் சொன்னாய். அடுத்த ஞாயிறு வந்து வழக்கம்போல நடுவில் உட்கார்ந்தாய். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. உன் முகத்தை நான் பார்த்தேன்.

"எல்லாம் ஒரே செவுத்துல அப்பின மாதிரி இருக்குடி. சுத்தி யாருமே இல்ல."

ஒரு காதால் சத்தம் கேட்கும், சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. அது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. செட்டை விற்றுவிடலாமா என்று நீ கேட்டிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். நீ அப்படிக் கேட்கவில்லை. "நீ இந்தப் பக்கம் வந்து உக்காரு. எது எங்கன்னு சொல்லு. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்" என்றாய். உன் வலது காதோரம் ஸ்டூலைப் போட்டுக்கொண்டேன்.

உனக்கு மனப்பாடமான டிஸ்க் அது. வீணையும் வயலினும் மிருதங்கமும்.

"வீணை எங்க?"

"வலது."

"வயலின்?"

"இடது."

பாதியில் நிறுத்தச் சொன்னாய். அதற்குப் பிறகு வேறு டிஸ்க்குகளைப் போட்டோம், நான் சொல்லிக்கொண்டே போனேன், நீ தலையாட்டிக்கொண்டிருந்தாய். வீணை டிஸ்க்கை மட்டும் எடுக்கவிடவில்லை. சோறும் குறைந்துபோனது. காது போன வருத்தம் என்றுதான் நினைத்தேன்.

ஒரு நாள் கை கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாய்: "எங்கம்மாவுக்குக் கடைசியில எப்பிடி ஆச்சுன்னு தெரியும்ல? மொதல்ல எடம் மறந்துச்சு. அப்புறம் ஆளு மறந்துச்சு. என்னயே யாருன்னு கேட்டுச்சு. எனக்கும் ஆரம்பிச்சிருச்சுடி."

"என்ன உளர்றே?"

"அந்த வீணை இடது பக்கம். நான் செத்தாலும் சொல்வேன், இடது பக்கந்தான். நீ வலதுங்கிறே. உனக்கு ரெண்டு காது இருக்கு. அப்ப எனக்குத்தானே புத்தி பிசகிருச்சு?"

உன்னைப் பிடித்து இழுத்துவந்து நாற்காலியில் உட்காரவைத்து, அந்த டிஸ்க்கைப் போட்டேன். வீணை எழுந்ததும் கையை நீட்டிக் காட்டினேன். "இந்தா, இங்கதானே வருது!"

நீ என் கையைப் பார்த்தாய், என் முகத்தைப் பார்த்தாய். "அது இடதுடி."

"வலது. வள்ளி நிக்கிற பக்கம்."

"என்னாது?"

"சாமிக்கு வலது கைப்பக்கம் வள்ளி, இடது கைப்பக்கம் தெய்வானை. விளக்கு வைக்கிறதுல இருந்து பூப் போடுறது வரைக்கும் எங்க வீட்டுல அதான் வலது. சாமிக்கு முன்னால நின்னுக்கிட்டு என் கையையா கணக்குப் பாப்பேன்?"

நீ சுவரைப் பார்த்தாய். உயர்த்தி மாட்டிய படத்தில் வள்ளி, அவள் நிற்கிற பக்கம், நம் இடது கைப்பக்கம், இடது ஸ்பீக்கர். நீ சிரிக்க ஆரம்பித்தாய். முந்தானையை வாயில் வைத்து அடக்கப் பார்த்தாய், முடியவில்லை. சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே தொடங்கியது என்று எனக்கும் தெரியவில்லை. "பாவி, இத்தனை நாளா என்னயப் பைத்தியமாக்கிட்டியேடி! நானு ஒவ்வொரு ராத்திரியும் மாதாகிட்ட அழுதுக்கிட்டுக் கெடந்தேன். உன் முருகன் ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?" என்று என் முதுகில் அறைந்தாய். அன்றைக்கு ரெண்டு தடவை சோறு வாங்கித் தின்றாய்.

அதோடு நம் வீட்டில் இடது வலது ஒழிந்தது. முன்னால் வள்ளி பக்கம், தெய்வானை பக்கம். பின்னால், வள்ளிக்கு எதிரே வாசல் பக்கம், தெய்வானைக்கு எதிரே சமையலறை இருக்கிற குசினி பக்கம். உங்கள் தேவாலயத்துப் பாட்டில் லத்தீனில் உருகிக்கொண்டிருப்பார்கள், "இந்த ஆம்பளக் குரலு தெய்வானை பக்கந்தானே?" என்று பயபக்தியோடு கேட்பாய். நான் அடுத்த குரலைச் சொல்லுமுன்பே அது எங்கே என்று சில நேரம் நீயே சொல்லிவிடுவாய். ஒரு காதை வைத்துக்கொண்டு அந்த அறையை நீ திரும்பக் கட்டினாய். நான் கல் எடுத்துக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

நெஞ்சுவலி உன்னைக் கூட்டிப்போன செய்தி வந்தபோது நான் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். உங்கள் மாதா கோவிலுக்குள் அன்றைக்குத்தான் நுழைந்தேன். எங்கே நிற்பது, எப்போது எழும்புவது என்று தெரியாது. உன் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தார்கள். நான் சுற்றிப்போய் உன் நல்ல காதுப் பக்கமாக நின்றுகொண்டேன். பாட்டு பின்னாலிருந்து எழுந்தது, மேலே மாடியிலிருந்து. வாய் சும்மா இருக்கவில்லை. "வாசல் பக்கம்டி" என்றேன். உன் மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு எப்படிச் சொல்வது?

இனி டிஸ்க்குக்கு வருகிறேன். நீ ஒரு மாதிரி மிரட்டலாகச் சொல்லி வைத்திருந்தாய்: "கோயில்ல வச்சு எடுத்த நாதஸ்வரமாம். மைக்க நடுவுல வச்சிட்டு, சுத்தி வந்து வாசிச்சாங்களாம். உன் சாமி சமாச்சாரம். நீதான் எனக்குச் சொல்லணும், கணக்கப்பிள்ளை."

முதலில் பெரட்டு எடுத்தேன். எல்லாப் பெட்டியும் குரல் கொடுத்தன. கரகரத்தவளும் முழுப்பேர் போட்டாள்.

நாதஸ்வரம் சாமிப் படத்துக்கு நேர்கீழே தொடங்கியது. தவில் கொஞ்சம் தள்ளி, வள்ளி பக்கம். பிறகு நகர்ந்தது. தெய்வானை பக்கம் வந்தது. கல் மண்டபம் என்பதால் ஒவ்வொரு அடிக்கும் சுவர் திருப்பிச் சொல்கிறது. குசினி பக்கம் போனது, வாசல் பக்கம் வந்தது, வள்ளி பக்கமாக மறுபடி முன்னால் வந்தது. இடமிருந்து வலமாகப் பிரகாரம் சுற்றுகிற முறையிலேதான், பிசகில்லை. எத்தனையோ கோயிலில் நான் சுற்றி வந்திருக்கிறேன். நடுவில் இருந்துகொண்டு, என்னைச் சுற்றி வருவதைக் கேட்டது இல்லை. அது சாமி இருக்கிற இடம் என்று உறைத்ததும் பயந்து உன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். என் ஸ்டூலில் போய் உட்கார்ந்துகொண்டேன். நீ இருந்திருந்தால், "உக்காருடி, அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு" என்றிருப்பாய்.

மூன்றாவது சுற்றில் தவில் நின்றுவிட்டது. நாதஸ்வரம் மட்டும் வாசல் பக்கம் ரொம்ப தூரத்தில், ஒரே சுரத்தில் நீண்டு நின்றது. அது அடங்கியதும் ஒரு மணிச் சத்தம், தெய்வானை பக்கம். அப்புறம் ஒன்றும் இல்லை. மண்டபத்துக் காற்று மட்டும், நாலு பக்கமும்.

அந்த அமைதியில் யாரோ ஒருவர் இருமினார். இந்தத் தடவை நான் திரும்பிப் பார்க்கவில்லை. காலி நாற்காலியில் உன் நல்ல காது இருக்கும் பக்கமாகக் குனிந்து சொன்னேன்.

குசினி பக்கம்.