அக்காவுக்காக உயர்த்திய கேமரா

செல்லமான என் அக்காவுக்கு,

கேம் வெளியாகிவிட்டது. முதலில் உனக்குத்தான் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். இரண்டு வாரம் தள்ளிப்போய்விட்டது. கோபித்துக்கொள்ளாதே.

குடவாசலில் உன் வீட்டு டிவியில் கடைசியாக அதைப் போட்டுக் காட்டினேனே, அப்போது பாதிதான் முடிந்திருந்தது. ஒரு மந்திரக் காடு, ஒரு வாள்காரி, ஒரு பாழடைந்த கோட்டை. எல்லாமே அவள் கண் வழியாகத்தான் தெரியும். அவள் திரும்பினால் உலகமே திரும்பும். பனியும் இருட்டுமாக நிஜக் காடு போலவே இருக்கிறது என்று எனக்கு ஒரே பெருமை. நீ ஐந்து நிமிடம் ஆடினாய். கோட்டைப் படிக்கட்டில் ஒரு திருப்பம் வந்ததும் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாய். கும்பகோணம் பஸ்ஸில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வருவாயே, அதே முகம்.

"தலை சுத்துதுடா. சின்ன வயசுல நாம ஆடுவோமே, அந்த மாதிரி மேலேருந்து காட்டேன்."

"அதெல்லாம் பழைய ஸ்டைல்க்கா. உன்ன மாதிரி ஆளுங்களுக்காகப் பண்றது இல்ல இது."

நீ எழுந்து போய் எனக்குத் தோசை ஊற்றினாய். நான் சென்னை திரும்பிய மறுமாதம் காய்ச்சலில் படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. மன்னிப்புக் கேட்கக்கூட நேரம் தரவில்லையே, அக்கா.

காரியம் முடிந்து வேலைக்குப் போன அன்றே, மேலிருந்து பார்த்து ஆடவும் ஒரு வழி வைக்க வேண்டும் என்று டீமில் சொன்னேன். எங்கள் டீம் லீடர் மாலதி சிரித்தாள். "கேமராவத் தூக்கி வெச்சா முடிஞ்சுதா கதிர்? வெறும் கூரைதான் தெரியும். யாருக்கு இது?"

"எங்க அக்காவுக்கு."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. "மூணு மாசம் எடுத்துக்கங்க" என்றாள்.

அவள் சொன்னதும் சரிதான். கேமரா மேலே போனதும் காடு கறுப்புத் திட்டாகிவிட்டது. வாள்காரி அதற்குள் எறும்பு மாதிரி காணாமல் போனாள். வீட்டுக்குள் நுழைந்தால் கூரை மறைய வேண்டும், மரத்தடியில் நின்றால் கிளை மங்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் செய்தேன். ஓவியர் சலீம் நிறங்களையெல்லாம் மாற்றினார். புல்லுக்கு நாற்றங்கால் பச்சை வேண்டும் என்றேன். அவர் நாற்றங்காலைப் பார்த்ததே இல்லை. அத்தானிடம் சொன்னேன், உன் வீட்டுக்காரர் வயலில் இறங்கி இருபது போட்டோ எடுத்து அனுப்பினார், பாதியில் அவர் கட்டைவிரல்.

முடித்ததும் முழுதாக ஒருமுறை மேலிருந்தே ஆடினேன். வளைவுக்கு அந்தப் பக்கம் யார் ஒளிந்திருக்கிறார்கள் என்பது முன்பே தெரிகிறது. பயம் குறைந்தது, யோசனை கூடியது. சின்ன வயதில் "இப்படி சுத்திப் போடா" என்று நீ வழி சொன்னதெல்லாம் இப்படி முன்பே பார்த்துத்தானா? உனக்குப் பிடித்தது தலை சுற்றாததால் மட்டும்தானா? கேட்காமலே இருந்துவிட்டேன்.

போன வாரம் முகம் தெரியாத ஒரு பெண் எழுதியிருந்தாள். அவளுக்கும் தலை சுற்றுமாம். ஒரு கேமைக் கடைசிவரை ஆடியது இதுதான் முதல் தடவையாம். மாலதி அதை எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினாள். எனக்கு நிறைவாக இருந்தது, அக்கா. வெகுநாள் கழித்து நன்றாகத் தூங்கினேன்.

இந்த ஞாயிறு குடவாசல் போயிருந்தேன். பதினெட்டு வருஷம் உன்னோடு இருந்தும் கேம் பக்கமே வராத அத்தான், தானாகக் கேட்டு உட்கார்ந்தார். ஒரே பள்ளத்தில் நான்கு தடவை விழுந்தார். நாங்கள் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

"வரப்புல நின்னு பாக்குற மாதிரி இருக்கு மாப்ள. இன்னும் கொஞ்சம் மேல ஏத்தேன்" என்றார். ஏற்றிக் கொடுத்தேன்.

நடவு நேரம், அவருக்கு ஓய்வு குறைவு. ஆனாலும் மாதம் ஒரு ஞாயிறாவது வந்து அவர் பக்கத்தில் உட்காருவேன். எத்தனை தடவை விழுந்தாலும் கன்ட்ரோலரை அவர் கையிலிருந்து பிடுங்கி நான் ஆட மாட்டேன். இது சத்தியம்.

உன் கூடப்பிறந்தவன்,
கதிரு