விண்கப்பல் கதவின் இடது பக்கம்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் இங்கே சுகம், நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அங்கே அதைவிடச் சுகமாக இருக்க வேண்டும். எனக்கு இந்த வாரம் சுகம் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறது, அதற்குக் காரணம் ஒருவனுடைய மூக்கு. அதை முறையாகச் சொல்கிறேன், நடுவில் பக்கத்தைத் தள்ளிவிட்டு ஓடாதே. உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? நாள் முழுக்க நாற்காலியே கதி என்று உட்காராதே, மணிக்கு ஒரு தரம் எழுந்து நட. பேத்திக்குப் பால்பல் ஆடுகிறது என்று எழுதியிருந்தாய், ஆடட்டும், நூல் கட்டி இழுக்கிற வேலை எல்லாம் வேண்டாம்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். பழைய தொடர் நல்லதா புதுத் தொடர் நல்லதா, நீயும் அப்பாவும் அதில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவர்கள், மனசாட்சியோடு சொல்லு என்று கேட்டிருந்தாய். நீ ஏற்பாடு செய்து கொடுத்ததால் புதுசு முழுவதையும் உட்கார்ந்து பார்த்துவிட்டேன். நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். புதுசில் கப்பலுக்குத் தலைமை ஒரு பெண். பழசில் கப்பலில் இருந்த ஒரே பெண்ணுக்கு வேலை, யார் கூப்பிடுகிறார்கள் என்று தலைவரிடம் திரும்பிச் சொல்வது மட்டும்தான், அந்தப் பிள்ளை பதினோரு வருஷமும் கழுத்து வலியோடு வீட்டுக்குப் போனாள். புதுசில் வேற்றுக்கிரக மிருகத்துக்குக் கண்ணில் ஈரம் கூடத் தெரிகிறது. நம் மிருகம் ஒரு படுக்கை விரிப்பு, உள்ளே இருந்தவர் எங்கள் தச்சர், ஒரு நாள் விளக்குச் சூட்டில் அவர் நிஜமாகவே மயங்கி விழ, மிருகம் செத்தது என்று அதையே படமாக வைத்துக்கொண்டார்கள். இதெல்லாம் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் புதுசில் ஏன் எல்லாரும் இருட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள்? அவ்வளவு பெரிய கப்பலில் ஒரு விளக்குக்கு வழியில்லையா? வாரத்துக்கு ஒருவர் அழுகிறார். பழைய தலைவர் ஒரே ஒரு முறைதான் அழுதார், அதுவும் காலில் விளக்குக் கம்பம் விழுந்ததால். பழசில் வாரத்துக்கு ஒரு கிரகம், ஒரு தகராறு, முடித்துவிட்டு நடையைக் கட்டுவார்கள். புதுசில் ஒரே தகராறு இரண்டு வருஷம் இழுக்கிறது, நடுவில் எனக்குக் கண் ஆபரேஷனே ஆகி முடிந்துவிட்டது. பழைய கப்பலின் கதவு அலமாரிக் கதவு மாதிரி இருக்கிறது என்று பேத்தி சிரித்தாளாமே, சிரிக்கட்டும், குழந்தை. ஆனால் புதுசில் கதவே கிடையாது என்று அவளிடம் சொல். நடிக்கிறவர்கள் வெறும் பச்சைத் துணிக்கு முன்னால் நடக்கிறார்கள், கதவைப் பிறகு கம்ப்யூட்டரில் போடுகிறார்கள். அந்த இடம் வரும்போது ஒவ்வொருவருக்கும் கால் லேசாகத் தயங்கும், இனிமேல் கவனித்துப் பார்.

நம் தலைவருக்குக் கால் தயங்கியதே இல்லை. வெள்ளிச் சாயம் அடித்த இரண்டு பலகை, பலகைக்கு ஒரு கயிறு, ஒரு கப்பி. வலது பக்கச் சுவருக்குப் பின்னால் அப்பா, இடது பக்கம் நான். உள்ளே ஒருவர் நிற்க மட்டும் இடம், அந்தப் பக்கம் நடக்கிற எதுவும் கண்ணுக்குத் தெரியாது, காதுதான். தலைவரின் பூட்ஸ் சத்தம் ஏழு அடி வரும், ஐந்தாவது அடி விழுந்ததும் இழுக்க வேண்டும். பிந்தினால் மனுஷன் முகம் பலகையில், முந்தினால் நாம் குளியலறைக் கதவு திறக்கிற மாதிரி ஆகிவிடும், விண்கப்பல் என்று யாரும் நம்ப மாட்டார்கள். அவர் எங்களை நம்பி வேகம் குறைக்காமல் நடந்தார், பதினோரு வருஷத்தில் ஒரு கீறல் பட்டதில்லை. இதில் உனக்கும் ஒரு பங்கு உண்டு, இதுவரை சொன்னதில்லை. முதல் வருஷம் நீ என் வயிற்றில் ஆறு மாதம். உடம்பைச் சாய்த்து இழுக்க முடியாமல் என் பக்கம் அரை நொடி பிந்தித்தான் திறந்தது. இயக்குநர் முதலில் கத்தினார், எடுத்த படத்தைப் போட்டுப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார், கப்பல் ஆளைப் பார்த்து யோசித்துவிட்டுத் திறப்பது போல இருக்கிறதாம். நீ பிறந்த பிறகும் அதே அரை நொடி பிந்தித்தான் இழுக்க வேண்டும் என்று உத்தரவு. வேண்டுமென்றே பிந்துகிறேன் என்று தெரிந்தும் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் உன் அப்பா, உன் பக்கம் லேட்டு, உன் பக்கம் லேட்டு என்று கேலி செய்வார். ரசிகர்கள் அந்த அரை நொடியைப் பற்றிப் பத்துப் பத்துப் பக்கம் எழுதியிருக்கிறார்களே, கப்பலுக்கு ஆன்மா உண்டு, அது இது என்று. அது நீதான்.

கயிற்றைப் பற்றி வெளியே ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். பார்க்கிறவர்கள் நம்ப வேண்டும், சரிதான், நாங்களும் மூடிக்கொண்டு இருந்தோம். தொடர் முடிந்த மறு வருஷம் அரங்கம் போட்ட மீசைக்காரர் ஒரு பத்திரிகையில், கதவு என் சொந்த மோட்டாரில் ஓடியது, நானே வடிவமைத்தேன் என்று சொன்னார். அதற்கு ஒரு பதக்கமும் வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டார். உன் அப்பாவுக்கு அதற்குள் வலது தோள் போய்விட்டது. டாக்டர் என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டதற்கு, கதவு திறக்கிற வேலை என்று இவர் சொல்ல, அவர் வாட்ச்மேன் என்று எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து முப்பது வருஷமாக நான்தான் அவருக்குத் தலை வாரிவிடுகிறேன், நீ பார்த்துத்தானே வளர்ந்தாய். ஒவ்வொரு முறை சீப்பை எடுக்கும்போதும் எனக்கு அந்த மீசை கண்ணில் வரும். அப்பா மட்டும், விடு, கதவு தெறந்துச்சா இல்லையா, அதுதானே நம்ம வேலை என்பார். நான் விடவில்லை. மீசைக்காரர் போய்ச் சேர்ந்தபோதும் விடவில்லை, மாலை வாங்கப் போன அப்பாவை வழியிலேயே திருப்பிக் கூட்டி வந்தேன்.

இப்போது அவருடைய மகன்தான் புதுத் தொடருக்கு எல்லாம். மீசை கிடையாது, மற்றதெல்லாம் அப்பன் அச்சு. பழைய தொடர் தொடங்கி நாற்பது வருஷம் ஆனதற்குப் பெரிய கண்காட்சி வைத்தான், பழைய அரங்கத்தை அப்படியே எடுத்து நிறுத்தி, கதவுக்குப் பக்கத்தில் மோட்டாரைக் கண்டுபிடித்த மேதை என்று தகப்பன் பெயரில் பித்தளைப் பலகை. பேட்டியில் வேறு, அந்தக் காலத்துல மத்தது பூரா அட்டை, கதவு ஒண்ணுதான் நிஜம் என்றான். அதைக் கேட்டு அன்று நான் சாப்பிடவில்லை. ஆனால் பார், கதவுக்கு இப்போது நிஜமாகவே ஒரு மோட்டார் மாட்டி முன்னோட்டம் காட்டியிருக்கிறார்கள், வந்த ரசிகர்கள் முகத்தைச் சுளித்திருக்கிறார்கள், இது எங்கள் கதவு இல்லை, அந்த அரை நொடி எங்கே என்று. எலக்ட்ரீஷியன் பழைய சுவரைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இரண்டு கப்பி, கயிற்று நார், மோட்டார் இருந்த அடையாளமே இல்லை. அந்த எலக்ட்ரீஷியன்தான் எங்கள் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்தார், நல்ல மனுஷன், விஷயத்தைச் சொல்லும்போதே அவருக்குக் கூச்சமாக இருந்தது. பிறகு மகன் போனில் வந்தான். தொறப்பு விழா அன்னைக்கு ஒரே ஒரு தடவை நீங்க ரெண்டு பேரும் வந்து இழுத்துக் குடுங்கம்மா, பின்னாடி வழியா வந்து பின்னாடி வழியாவே போயிடலாம், வெளிய தெரிஞ்சா ரசிகர்கள் மனசு ஒடஞ்சிடும் என்றான். என் வீட்டில் ஒருவருக்கு உடைந்தது என்ன என்று அவன் கேட்கவில்லை. வருகிறோம் தம்பி என்றேன். என் குரல் அவ்வளவு இனிமையாக இருந்ததைக் கேட்டு அப்பாவே திரும்பிப் பார்த்தார்.

அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பார். அவர் பாட்டுக்குச் சந்தோஷமாகச் சட்டையை இஸ்திரி போட்டு, ஒரு வாரம் முன்னாலேயே நன்றாக இருக்கிற இடது கையை ஆட்டி ஆட்டிப் பழகினார். ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணி, முந்நூறு பேர், பாதிப் பேர் கப்பல் உடுப்பில். மகன் பழைய தலைவரின் சட்டையும் பூட்ஸும் போட்டுக்கொண்டு, ஏழு அடி நடந்து கதவு வழியாக வந்து விழாவைத் தொடங்க வேண்டும். எனக்குக் கணக்கு சுலபம். அப்பா பக்கம் திறக்கும், என் பக்கம் திறக்காது, நடுவில் வருகிறவனுக்குப் பாதி முகம் என் பலகையில். பாதி முகம் போதும் எனக்கு. உள்ளே போய் நின்றதும் அதே மரவாசனை, கயிறு கையில் ஏறியதும் ஒரு நிமிஷம் மனசு இளகியது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். பூட்ஸ் சத்தம் கேட்டதும் இளகியது திரும்ப இறுகிவிட்டது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவது விழுந்தது. வலது பக்கம் சர்ரென்று ஓடியது. நான் கயிற்றை இறுகப் பிடித்தபடி அசையாமல் நின்றேன். டம் என்று ஒரு சத்தம் கேட்டது, என் நெஞ்சு குளிர்ந்தது.

நான் கணக்கில் விட்ட விஷயம் ஒன்று உண்டு. எங்களை மறைக்க உள்ளே கறுப்புத் துணி கட்ட வேண்டும், அந்தக் காலத்தில் தச்சர் கட்டுவார், இப்போது யாருக்கும் அது தெரியவில்லை. திறந்த பாதி வழியாகக் கூட்டம் முழுவதும் உன் அப்பாவைப் பார்த்துவிட்டது, எனக்கு இதெல்லாம் எலக்ட்ரீஷியன் பிறகு சொன்னது. இஸ்திரி போட்ட சட்டை, கையில் இரண்டு சுற்றுக் கயிறு, கேட்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு முழு உடம்பையும் பின்னால் சாய்த்து நிற்கிறார், வயசு எழுபது. மகன் மூக்கைப் பிடித்துக்கொண்டு குனிந்திருக்கிறான், அவனை யாரும் பார்க்கவில்லை. தலையில் கொம்பு மாட்டியிருந்த ஒரு அம்மாள், ஐயோ, கயிறு, கயித்துலதான் இழுத்திருக்காங்க என்று கத்தினாள். பிறகு முந்நூறு பேரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் நான் என் கயிற்றை இழுத்தேன்.

மூக்கு உடையவில்லை, விசாரித்தேன், வீக்கம் மட்டும்தானாம், அதில் எனக்குச் சின்ன வருத்தம். சாயங்காலம் மகன் போன் செய்தான், வயசானவங்க, கை நழுவிடுச்சுன்னு சொல்லிடுங்கம்மா, பேப்பர்ல அப்படியே போட்டுடறோம் என்று. நழுவலை தம்பி, புடிச்சிக்கிட்டுதான் இருந்தேன் என்றேன். போனை வைத்துவிட்டான். பித்தளைப் பலகையைக் கழற்றிவிட்டார்கள், சுவரில் நான்கு ஓட்டைதான் இருக்கிறது என்று எலக்ட்ரீஷியன் வந்து சொல்லிவிட்டுப் போனார். அப்பாவின் பெயரைப் போடுவார்களா தெரியாது, போடாவிட்டால் நான் மறுபடி வருவேன் என்று அந்த எலக்ட்ரீஷியனிடமே சொல்லி அனுப்பியிருக்கிறேன். அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நம்பி நடந்து வந்தவனை அடித்துவிட்டாய் என்ற கோபம், அது நியாயம்தான், ஆனாலும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. மூன்றாம் நாள் காலை வழக்கம்போலத் தலை வாரிக்கொண்டிருந்தேன். கண்ணாடியில் என்னைப் பார்த்தார். உன் பக்கம் லேட்டு என்றார். பிறகு இரண்டு பேரும் சிரித்து, எனக்குத்தான் கடைசியில் அழுகை வந்துவிட்டது.

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நோய்நொடி அண்டாமல், யாரிடமும் தலை குனியாமல், நிறைவாக வாழ வேண்டும். குளிரில் காலுறை இல்லாமல் நடக்காதே. பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு முதல் வருஷத் தொடரைப் போட்டு, ஐந்தாவது அடியில் கதவைப் பார்க்கச் சொல். வலது பக்கம் தாத்தா, இடது பக்கம் பிந்தித் திறப்பது பாட்டியும் அம்மாவும் என்று சொல்.

இப்படிக்கு
உன் அம்மா,
இடது பக்கம்