ரொட்டவேட்டர் பிளேடில் துரு

27 அக்டோபர், திங்கள். விடிந்ததிலிருந்து தூறல்.

எண்ணெய் பூசிய இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது? எம்.எஸ்சி. வேதியியல் படித்தவள் நான். பதில் தெரியவில்லை.

மண்வெட்டி எடுக்கக் கொட்டகைக்குப் போனேன். டிராக்டரில் மாட்டி மண்ணைக் கிளறும் ரொட்டவேட்டரின் பிளேடு வரிசை முழுக்கச் செம்பழுப்பு. பிளேடுகளைத் தாங்கும் ஷாஃப்ட்டின் ஓரத்திலும் தொடங்கிவிட்டது. பிளேடு போனால் மாற்றலாம், ஷாஃப்ட் போனால் செலவு தாங்காது. சனிக்கிழமைதான் தேசிங்கு துருத் தடுப்பு எண்ணெய் ஸ்ப்ரே அடித்தார். பார்த்தேன். இல்லை, புஸ்ஸென்ற சத்தம் கேட்டது. பார்த்ததாக எழுதக் கூடாது.

இந்த மாதம் மூன்றாவது டப்பா. போன மழைக்காலம் முழுவதற்கும் இரண்டே டப்பா.

தேசிங்கு பதினோரு வருடமாக எங்கள் டிராக்டரை ஓட்டுபவர். என் கணவர் போன பிறகு, இந்த இரண்டு வருடமாக, வண்டி தேசிங்கின் கையில்தான். நான் கணக்குப் பார்ப்பதோடு சரி. நவரைப் பட்டத்துக்கு உழவு தொடங்கும்வரை வண்டிக்கு வேலை இல்லை. வேலை இல்லாத நாளில்தான் இதெல்லாம் கண்ணில் படுகிறது.

தோசை மாவு புளிக்கவில்லை.

28 அக்டோபர், செவ்வாய். மழை விட்டு விட்டு.

ஆயுத பூஜைப் பொட்டு பிளேடுகளில் இன்னும் இருக்கிறது. அதன்மேல் தேசிங்கு ஸ்ப்ரே அடிக்க மாட்டார், சுற்றித்தான் அடிப்பார். துரு அங்கிருந்து பரவுகிறதா என்று கண்ணாடி போட்டுப் பார்த்தேன். பொட்டு இல்லாத பிளேடிலும் அதே துரு. தரையிலும் பிளேடிலும் சிவப்புத் தூள். குங்குமம் உதிர்ந்திருக்கும். பெருக்கச் சொல்ல வேண்டும்.

தேசிங்கின் பைக் செயின் மட்டும் பளபள. குறித்துக்கொண்டேன்.

மதியம் உத்திரமேரூர் பஸ். ஸ்ப்ரே வாங்கும் கடையில் நேராகவே கேட்டேன், சரக்கு போலியா என்று. கடைக்காரர் சிரித்தார். "போன வாரம் ஒருத்தரு வந்து இதே கேட்டாரு மேடம். இன்னாத்துல அடிச்சீங்கன்னு கேட்டா, தோசக்கல்லாம்."

சிரிக்கவில்லை நான். பிறகு பஸ்ஸில் சிரிப்பு வந்தது.

வேறு கடையில், விலை கூடின டப்பா ஒன்று வாங்கினேன். பட்டறையில் நான்கு இரும்புத் துண்டு, உப்புத்தாளால் தேய்த்துக் கொடுத்தார்கள். இரண்டில் பழைய டப்பாவை அடித்து வெள்ளை நூல் கட்டினேன். இரண்டில் புது டப்பா, கறுப்பு நூல். ஒவ்வொரு நூலிலும் ஒன்று கொட்டகைச் சுவரில், ரொட்டவேட்டர் பக்கத்தில். மற்ற இரண்டும் வீட்டில், சமையலறை ஜன்னலோரம். வீட்டில் எதற்கு என்று கேட்டால் காரணம் இல்லை. ஒப்பிட ஒன்று வேண்டும், பழக்கம்.

சனிக்கிழமைவரை யாரிடமும் பேச்சில்லை.

29 அக்டோபர், புதன். காற்று. கரண்ட் இல்லை, நாலு மணி நேரம்.

பேசிவிட்டேன்.

தேசிங்கு பத்து மணிக்கு வந்தார். துருவைக் காட்டினேன்.

"அடிக்க அடிக்க புடிக்குதுக்கா. வாரத்துக்கு ஒருக்கா அடிச்சத இப்ப மூணுவாட்டி அடிச்சிக்கினு கீறேன்."

"அப்படியும் எப்படிப் பிடிக்கும்?"

"அந்த மூட்டைங்கள வேற எடத்துல போட்டா தேவல."

பொட்டாஷ் உர மூட்டைகள் ஆறு. வீட்டு வராந்தாவில் இருந்தவை. வெளியே கிடந்தால் ஒரு ராத்திரியில் காணாமல் போகும் என்று தீபாவளிக்கு முன்பே கொட்டகைக்குள் அடுக்கச் சொன்னேன். சுமந்தவர் இவர். அதில் வந்த எரிச்சல் என்று பட்டது.

"மூட்டைக்கும் துருவுக்கும் என்ன சம்பந்தம்?"

"அதெல்லாம் எனக்கு இன்னா தெரியும்? அது வந்த பொறவுதான் இது வந்துச்சி."

பின்னால் வந்தது என்பதால் அதனால் வந்தது ஆகிவிடாது என்று விளக்கினேன். வகுப்பில் நிற்பதுபோல. கேட்டுவிட்டு, "செரிக்கா" என்றார். பைக்கை உதைத்தார், போனார்.

சாயங்காலம் கொழுந்தன் குமரவேல். காபி குடித்தபடியே கொட்டகையை ஒரு நோட்டம்.

"அண்ணி, நீங்க படிச்சவங்க. டப்பால ரெண்டு அடி அடிச்சிட்டு மிச்சத்த எவனுக்கோ தள்ளிக்கினு கீறான் அவன். இதுகூடவா தெரியல?"

"பார்த்தியா?"

"பாக்கணுமா? பெருநகர் ஊர்ல டிராக்டர் ஓட்டற ஆளு ஒருத்தரு கீறாரு. சுத்தமான கை. திங்கக்கெயம வரச் சொல்லவா?"

இவனுக்கு இந்த வண்டிமேல் ஒரு கண் உண்டு. பெருநகர் ஆள் வந்தால் வண்டி யார் சொல்படி ஓடும் என்பதும் தெரியும். ஆனாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை?

30 அக்டோபர், வியாழன். கனமழை. ஏரி நிரம்பிவிடும் என்கிறார்கள்.

கொட்டகைக்கு இரண்டு சாவி. தேசிங்கிடம் உள்ளதைக் கேட்டேன்.

இடுப்புக் கயிற்றிலிருந்து அவிழ்க்க நேரமாயிற்று, கை ஈரம். ஜன்னல் விளிம்பில் வைத்தார், என் கையில் தரவில்லை.

"திங்கள் வரைக்கும் வர வேண்டாம். சொல்லி அனுப்புகிறேன்."

"நாஷ்டா துன்னாமக்கூட வந்துட்டேன் இன்னிக்கி" என்றார், கொட்டகையைப் பார்த்தபடி. இட்லி இருந்தது. சாப்பிடுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை.

குமரவேலுக்கு போன். திங்கள் வரட்டும் என்றேன்.

வாங்க: தீப்பெட்டி, துவரம் பருப்பு, எலிப் பொறி (கொட்டகையில் இரவெல்லாம் கறண்டுகிறது), ரப்பர் செருப்பு.

31, வெள்ளி. மழை.

எழுத ஒன்றும் இல்லை. சாவி மேசைமேல். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கண் அதில்தான்.

1 நவம்பர், சனி. வெயில், ஐந்து நாளுக்குப் பிறகு.

வீட்டுத் துண்டுகள் இரண்டும் சுத்தம். வெள்ளை நூலும், கறுப்பு நூலும். பழைய டப்பா போலி இல்லை.

கொட்டகைத் துண்டுகள் இரண்டிலும் துரு. விலை கூடினதிலும். இரண்டிலும் ஸ்ப்ரே அடித்தது நான், என் கையால். தேசிங்கின் கை இதில் படவே இல்லை.

அப்படியென்றால் யார்?

துண்டில் பிசுபிசு எண்ணெய், அதில் சிவப்புத் தூள் ஒட்டி ஈரமாகக் கசிந்திருந்தது. குங்குமம் சுவரோரம் எப்படி வரும்? நிமிர்ந்து பார்த்தேன். மேல்மூட்டையின் மூலையை எலி கிழித்திருக்கிறது. தகரத்துக்கு அடியில் வரும் காற்றில் சிவப்பு உரத்தூள் பறந்து எல்லாவற்றின்மேலும் படிகிறது.

ஆய்வகத்தில் எதையும் நாக்கில் வைக்கக் கூடாது என்பது முதல் பாடம். வைத்தேன். உப்பு.

பொட்டாசியம் குளோரைடு. மழைக்காற்றின் ஈரத்தை இழுக்கும். குளோரைடு இரும்பை அரிக்கும். பள்ளிப் பிள்ளைக்குத் தெரிந்த விஷயம். எண்ணெய்ப் படலம் தூளைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அடிக்க அடிக்கப் பிடிக்கிறது என்று அவர் சொன்னது பொய் இல்லை, அப்படியேதான் நடந்திருக்கிறது. மூன்று டப்பா தீர்ந்ததும் அதனால்.

அவர் மூட்டை என்றார். நான் பாடம் நடத்தினேன்.

யாரோ திருடுவார்கள் என்று பயந்து உரத்தை உள்ளே கொண்டுவந்தது நான். அது இரும்பைத் தின்றபோது தேசிங்கைத் திருடன் என்று கைகாட்டியதும் நான்தான்.

குமரவேலுக்கு போன்: பெருநகர் ஆள் வேண்டாம். "இன்னா அண்ணி, வெளாட்டா? சொல்லிட்டேனே நான்." சொன்னதை மாற்றிச் சொல் என்றேன். வைத்துவிட்டான்.

நாளை காலை தேசிங்கு வீட்டுக்குப் போவேன். மூன்று வாக்கியம் யோசித்து வைத்தாயிற்று. கடைசி வாக்கியம், மன்னித்துவிடுங்கள். சொல்லிவிட்டுச் சாவியைக் கையில் கொடுப்பேன்.

2 நவம்பர், ஞாயிறு. மேகம், மழை இல்லை.

நடந்தது:

வாசலில் தேசிங்கு பல் துலக்கிக்கொண்டிருந்தார். அவர் மனைவி மல்லிகா என்னைப் பார்த்ததும் உள்ளே போனார், வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. யோசித்த மூன்று வாக்கியமும் வரவில்லை. "மூட்டைதான்" என்றேன்.

வாய் கொப்பளித்தார். "அன்னிக்கே சொன்னேனே."

"ஆமாம்."

"எங்க வெக்கறது அத?"

அவ்வளவுதான். எட்டு மணிக்குக் கொட்டகையில். ஆறு மூட்டையையும் வீட்டுப் பின்னறைக்குச் சுமந்தார். நான் பெருக்கினேன். பிளேடுகளைத் தண்ணீரால் கழுவி, துணியால் ஒற்றி, வெயில் எட்டிப் பார்த்தபோது காயவைத்து, பிறகு ஸ்ப்ரே. இந்த முறை பொட்டு இருந்த இடத்திலும் அடித்தார், நான் கேட்காமலே. இட்லி கொடுத்தேன், சாப்பிட்டார்.

"ஒண்ணு சொல்லணும்க்கா. என் வண்டி செயினுக்கு ரெண்டுவாட்டி அடிச்சிகீறேன். அது மட்டும் நெசம்."

"தெரியும்."

"தெரியும்னு எனக்கும் தெரியும்."

கிளம்பும்போது சாவியை நீட்டினேன். கையைத் துணியில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார், வாங்கவில்லை.

"உங்ககிட்டயே இருக்கட்டும்க்கா. நாளைக்கி எதனா ஒண்ணு காணோம்னா எனக்குப் பேஜாரு. காலைல வரேன், நீங்க தொறந்து வுடுங்க."