பூ வாங்கப் போனவள்

முருகன் துணை
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர், 22.3.1999

அன்பு மகனுக்கு,

12ஆம் தேதி வெள்ளிக்கிழமை பூசை முடிந்தபோது வீட்டில் இருந்தவர்கள் நான், அப்பா, பக்கத்து வீட்டு இராஜம்மா அக்கா, அவர் மகன் வாசு. வேறு யாரும் இல்லை.

வாசு ஒரு தாளை நீட்டினான். "அங்கிள், உங்களப் பத்தி அண்ணன் இன்டர்நெட்ல எழுதியிருக்காரு லா! கோயில்லேர்ந்து வீட்டுக்கு வர்ற வழிய மறந்துடுறீங்களாம். ஆன்டி பூ வாங்கப் போறேன்னு சொல்லிட்டு உங்க பின்னாலேயே வர்றாங்களாம். எங்க ஆபிஸ்ல எல்லாரும் அழுதுட்டாங்க."

அப்பா அதை வாங்கி முழுவதும் படித்தார். பிறகு என்னைப் பார்த்து, "அப்ப நீ பூ வாங்கப் போகலயா?" என்றார்.

தினமும் பூவும் வாங்கினேன். அதில் பொய்யில்லை.

இதைச் சுவாமியிடமும் உன்னிடமும் மட்டும்தான் சொன்னேன். சுவாமி யாரிடமும் சொல்லவில்லை.

நன்றாகத்தான் எழுதியிருக்கிறாயாம். முன்பின் தெரியாதவர்கள்கூடப் பாராட்டியிருக்கிறார்களாம். அப்பா அன்றிலிருந்து வாசல் தாண்டவில்லை. கோயில் மணி கேட்டால் ரேடியோவைச் சத்தமாக வைக்கிறார்.

அதை எடுத்துவிடு. இந்தக் கடிதத்தையும் அங்கே போட்டுவிடுவாயோ என்று பயந்துகொண்டேதான் எழுதுகிறேன். அப்பாவுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது. எனக்கும் சீக்கிரம் பதில் போடு.

அம்மா