மேசைக்குக் கீழே விளையாட்டு மாஸ்ரர்

குருநகர்,
14.03.2025

அன்புள்ள பிரசாந்தி ரீச்சருக்கு,

தாயும் மகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குழந்தைக்குப் பெயர் இன்னும் முடிவாகவில்லை என்று அதிபர் சொன்னார்.

நீங்கள் பிரசவ விடுப்பில் போனதும் புதன்கிழமைக் குழுவை என் தலையில் கட்டிவிட்டார்கள். அந்தப் பாடவேளையில் எனக்கு வேலையில்லை என்பதுதான் என் தகுதி. பள்ளிக்கூட வான் விபத்தில் தப்பிய ஏழு பிள்ளைகளின் மனக்காயத்தை விளையாட்டு மாஸ்ரர் ஆற்ற வேண்டுமாம்.

உங்கள் கொப்பியில் ‘வட்டமாக இருத்தி, ஆழமாக மூச்சு விடச் செய்யவும்’ என்று இருந்தது. நான் விசில் ஊதிச் செய்வித்தேன். இருபதாவது மூச்சில் றொபினுக்குத் தலைசுற்ற, சோடா வாங்கிக் கொடுத்தோம். அடுத்த கிழமை, பயமானதை வரையச் சொன்னேன். நான்கு பேர் என்னை வரைந்தார்கள். இரண்டு பேர் ரயில் கடவையில் வானை மோதிய கோச்சியை வரைந்தார்கள். அதில் ஒரு கோச்சிக்கு என் மீசை. தனுஷிகா வெறும் தாளைத் தந்தாள். விபத்துக்குப் பிறகு அவள் பள்ளிக்கூடத்தில் வாய் திறக்காதது உங்களுக்குத் தெரியும்.

நேற்று முன்தினம் பக்கத்துக் கோயிலில் திடீரென்று வெடி கொளுத்தினார்கள். பிள்ளைகள் காதைப் பொத்தினார்கள். நான் மேசைக்குக் கீழே கிடந்தேன். எப்படிப் போனேன் என்று தெரியாது. வாயில் விசில் இருந்ததால் மூச்சுக்கு மூச்சு அது கீச்சிட்டது.

தனுஷிகா தவழ்ந்து வந்து விசிலை எடுத்தாள். “சேர், அது கோயில் வெடி. மெல்ல மூச்சை விடுங்கோ. ஒருத்தரும் ஏசமாட்டினம்” என்றாள்.

பிறகு எல்லோரும் கீழேயே வந்து நெருக்கிக்கொண்டு இருந்தார்கள். என் கால்களுக்குத்தான் இடமில்லை. எனக்கு என்ன பயம் என்று கேட்டார்கள். ஒன்பது வயதில், குண்டு விழுந்த நாளில், கூடப் பிறந்த லியோன் அண்ணையை விட்டுவிட்டு நான் மட்டும் பதுங்குகுழிக்கு ஓடியதைச் சொன்னேன். மனைவிக்கும் சொல்லாதது. மதுஷா, “அதுக்குத்தானோ சேர் எங்களையும் ஓட ஓட விரட்டுறியள்?” என்று கேட்டாள்.

சிரிப்பு அடங்கியதும் தனுஷிகா தானாகவே சொன்னாள். செத்துப்போன சாரதி ஏரம்பு மாமாதான் தன்னை வெளியே தள்ளிவிட்டாராம். “அவருக்கு இறங்க நேரம் காணேல்லை, சேர்.”

அவள் அழுதாள். எல்லோரும் அழுதோம். அந்த நேரம் பார்த்து அதிபர் குனிந்து, இது என்ன பாடம் என்று கேட்டார். உடற்கல்வி என்றேன்.

நேற்றுக் கணித ரீச்சர், தனுஷிகா வகுப்பில் ஓயாமல் கதைக்கிறாள் என்று முறையிட்டார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

மாதா உங்கள் மகளைக் காக்க வேண்டும். விடுப்பை முழுவதும் எடுத்து, உடம்பைத் தேற்றிக்கொண்டு வாருங்கள். வந்த பிறகும் புதன்கிழமைகளில் என்னையும் வர விடுங்கள். மேசைக்குக் கீழே பாய் விரிக்க ஒரு ஆள் வேண்டும்தானே.

என்றும் மதிப்புடன்,
சி. கிறிஸ்ரோபர்