தொப்பிக்கடியில் அப்பாவின் கண்கள்

ஜூலை 9
அம்மா போய் ஓராண்டு. ஊர் வழக்கப்படி, இறந்தவளின் நினைவு அறிவிப்பாக, வாசல் கதவில் புதுத் தாள் ஒட்டினோம். கறுப்புக் கரை, நடுவில் படம். மறுபடியும் அதே படம்தான். தம்பி இவைலோ நடுப்பகல் வெயிலில் ஃப்ளாஷ் போடாமல் எடுத்தது. கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு குழி. போட்டோகிராஃபர் நான் இருக்கும் வீட்டில் இந்தக் கண்றாவி!

திட்டினேன். "ஊர்ல எல்லாக் கல்யாணத்துக்கும் போற, அம்மாவ எடுக்க மட்டும் உனக்கு நேரமில்ல" என்கிறான். அம்மாதான் கேமராவைப் பார்த்தால் ஓடுவாளே. அது அவனுக்குத் தெரியாதா?

ஜூலை 11
இன்று அப்பா. பீச் பழங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே, "எனக்கும் ஒரு படம் எடுத்து வெச்சிடு ராலி. நான் போனப்புறம் கதவுல ஒட்ட. தொப்பியோட எடு" என்றார். உப்பு வாங்கி வா என்பது போல!

ஊரில் பாதிப் பேர் இப்படி எடுத்து அலமாரியில் வைத்திருக்கிறார்கள். இருக்கட்டும். நான் எடுக்க மாட்டேன்.

ஜூலை 12
மாட்டேன்.

ஜூலை 16
எடுத்துத் தொலைத்தேன். உச்சி வெயில், தோட்டம். சாயங்காலம் எடுக்கலாம் என்றால் பழம் அழுகிவிடுமாம். தொப்பியைக் கழற்றுங்கள் என்றால் கழற்ற மாட்டாராம். மூக்குக்கு மேலே எல்லாம் இருட்டு. இன்னொரு குழிக்கண் படமா? என் கையாலா? காரிலிருந்து ஃப்ளாஷை எடுத்து வந்தேன்.

"இவ்ளோ வெயில்ல விளக்கு போடுறா பாரு! சூரியன் பத்தலையாடி உனக்கு?"

"வெயில் தொப்பி மேலதான் விழுது. உங்க முகத்துக்கு யாரு வெளிச்சம் தருவா? பேசாம நில்லுங்க."

"கண்ணெல்லாம் தெரிய வேணாம். இப்படியே எடு."

முதல் படத்தில் முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வந்தது. ஃப்ளாஷின் வெளிச்சத்தைக் குறைத்தேன். இரண்டாவதில் தோட்டத்து வெயில் அப்படியே இருக்க, நிழல் மட்டும் கரைந்து முகம் வந்தது.

வீட்டில் பெரிய திரையில் பார்த்தேன். கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருந்தது. ஃப்ளாஷின் கோளாறு என்றுதான் நினைத்தேன். ஆனால் சட்டைக் காலர் வெள்ளையாகத்தானே இருக்கிறது? பல் வெள்ளை. பின்னால் சுவர் வெள்ளை. கண் மட்டும் மஞ்சள்.

கோடை முழுக்கத் தொப்பியைக் கழற்றாத காரணம் இதுதானா?

ஜூலை 17
கேட்டேன். தெரியுமாம்! ஜூன் மாதம் செர்ரி பறிக்கும்போதே தெரியுமாம்!

"ஏன்ப்பா சொல்லல?"

"உங்கம்மாவுக்கு வருஷத் தாள் ஒட்டி முடியட்டும்னு இருந்தேன்."

கையில் இருந்த தட்டை உடைத்தேன். ஒரு காகிதத்துக்காகவா? செத்தவளுக்குக் காத்திருக்கத் தெரிகிறது, உயிரோட இருக்கிற எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்ல வாய் வரல இந்த மனுஷனுக்கு. கத்தினேன், நல்லாக் கத்தினேன். அவர் குனிந்து உடைந்த துண்டுகளைப் பொறுக்கினார்.

ஜூலை 22
ஆஸ்பத்திரி. கணையத்தில் புற்றுநோய். "கொஞ்சம் முன்னாடியே வந்திருந்தா..." என்று டாக்டர் இழுத்தார். எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

அக்டோபர் 30
அம்மாவின் தாளுக்குப் பக்கத்தில் அப்பாவின் தாள். இவைலோ பிடித்துக்கொள்ள, நான் ஒட்டினேன். பக்கத்து வீட்டு குனா நின்று பார்த்தாள்.

"கண்ணு எவ்ளோ தெளிவா இருக்கு! நோயாளி மாதிரியா இருக்காரு?"

அச்சகத்தில் கறுப்பு வெள்ளையில்தான் போடுவார்கள். மஞ்சள் தெரியாது.